மீ லாபிக்கு அப்புறம் அரை மணி நேரம்: ரங்கூன் வீடொன்றில் குரல்பதிவு இரைச்சலைக் குறைத்த கதை

ரங்கூன் நகரின் நடுப்பகுதி, காளி கோயிலுக்கு நடந்து போகிற தூரம். குறுகலான தெரு, நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 12½ அடி அகலமும் 50 அடி நீளமுமாக இந்த ஊரில் வழக்கமாகக் கட்டுகிற நீளக் கூடம்தான் வீடு. தெருப்பக்கம் பால்கனி, பின்சந்துப் பக்கம் சமையலறை, நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு போட்டு இரண்டு அறை. தரை முழுக்க டைல்ஸ். வீட்டுக்கார அம்மா வார இறுதியில் கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர், எனக்கும் அப்படித்தான். மற்ற நாட்களில் சென்னையில் இருக்கும் ஓர் இணையக் கல்வி நிறுவனத்துக்குச் சிறுவர் பாடங்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புகிறார்.

அனுப்பியதில் பல பாடங்கள் திரும்பி வந்துவிட்டன. "குரல் நல்லா இருக்கு மேடம், ஆனா பின்னாடி லாரி நிக்கிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பாத்ரூம் எக்கோவும் இருக்கு" என்று ஒலித்தொகுப்பாளர் எழுதியிருந்தார். அவர்கள் கேட்ட அளவு இதுதான்: பேச்சு இல்லாத இடங்களில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெல்லுக்குக் கீழே இருக்க வேண்டும் (மைனஸுக்குப் பின்னால் எண் கூடக்கூடச் சத்தம் குறைவு). ஒலிநூல்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் வைத்திருக்கும் வரம்பும் இதேதான், ஆகவே கேட்டதில் அநியாயம் ஒன்றுமில்லை.

நான் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் போடுகிறவன். சமீப காலமாக ஒலித்தொகுப்பும் செய்கிறேன். "அண்ணே, புது மைக் வாங்கணுமா, ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க" என்று டீச்சர் கேட்டதில் தொடங்கியது இந்த வேலை.

அதற்குள் அவர் கைக்காசைப் போட்டு இரண்டு காரியம் செய்திருந்தார். தெருப்பக்கச் சுவரில் கூம்பு கூம்பாக இருக்கும் ஃபோம் துண்டுகளை ஒட்டியிருந்தார். ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதியைக் கடைசி வரைக்கும் திருகி வைத்திருந்தார். ஃபோம் ஒட்டியும் லாரி போகவில்லை. மென்பொருள் லாரியை விரட்டியது, கூடவே குரலையும் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது.

முதலில் வெறும் அறையைப் பதிவுசெய்தோம்

நான் கேட்டது ஒன்றே ஒன்று. மைக்கை வழக்கமான இடத்தில் வைத்து, பேசாமல், ஒரு நிமிடம் பதிவுசெய்ய வேண்டும். காலை, மதியம், சாயங்காலம், நடுராத்திரி, கரண்ட் இருக்கும்போது, இல்லாதபோது என்று ஒரு வாரம் போல இப்படிச் சேர்க்க வேண்டும். எந்தச் சுத்தமும் செய்யக்கூடாது. "சும்மா இருக்கிறதையா பதிவு பண்றது?" என்று டீச்சரின் மாமியார் சிரித்தார். ஆனால் இதைச் செய்யாமல் சாமான் வாங்கப் போகிறவர்கள், காய்ச்சல் என்னவென்று தெரியாமலே மருந்து வாங்குகிறவர்கள்.

அந்தத் துண்டுகளை ஹெட்போனில் கேட்டு, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைவரிசைப் படமாகவும் பார்த்தபோது, "இரைச்சல்" என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் நாலு வேறு ஆட்கள் என்று தெரிந்தது.

பெரிய ஆள், கடைகளின் முன்னால் நிற்கும் ஜெனரேட்டர்கள். பர்மாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிறிய ஜெனரேட்டர்கள் அதைத் தர நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகின்றன, அதாவது நொடிக்கு 50 சுற்று. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும் என்பதால் ஒற்றை சிலிண்டரில் நொடிக்கு 25 வெடிப்பு. படத்திலும் 25, 50, 75, 100 என்று சீப்புப் பல்லைப்போல் கோடுகள் வரிசையாக நின்றன. கீழே நிற்கிற கோடுகளை வெட்டிவிடலாம். 150, 200 என்று மேலே ஏறிவருகிற கோடுகள் டீச்சரின் குரல் இருக்கிற இடத்திலேயே குந்திக்கொள்கின்றன, அதுதான் சிக்கல்.

இரண்டாவது, மெல்லிய ஒரு ரீங்காரம். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இருந்தது. மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது சுத்தமான சைன் அலை அல்ல, படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்ட அலை. அது லேப்டாப் சார்ஜர் வழியாக மைக்கின் கம்பிக்குள் நுழைகிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் போய்விட்டது. இதற்கு மேல் இதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது, அறையின் எதிரொலி. இது இரைச்சலே இல்லை. டீச்சரின் குரல்தான் சுவரில் பட்டுத் திரும்புகிறது. எதிரெதிரே இரண்டு வெறுஞ்சுவர், கீழே டைல்ஸ். கை தட்டினால் 'டிர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் ஓடியது.

நாலாவது, வந்து வந்து போகிறவர்கள்: காகம், காலையில் கூவி விற்கிறவர்கள், பக்கத்து வீட்டுக் குக்கர், ராத்திரியில் தெருநாய், பின்சந்தில் குடியிருக்கிற டோக்கே என்ற பெரிய பல்லி ஒன்று. அந்தப் பல்லி ஒரு தடவை ஆரம்பித்தால் தன் பேரைச் சொல்லி முடிக்காமல் விடாது. நகரத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்ட 2003இலிருந்து தடை இருப்பதால் அந்த ஒரு தொல்லை மட்டும் இல்லை. சென்னையில் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிறவர்கள் இதற்குப் பொறாமைப்படலாம்.

கடிகாரம்

இந்த வேலையில் காசே செலவாகாமல் பெரிய பலன் தந்த ஒன்று இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரங்கூனில் கரண்ட் முறை வைத்து வருகிறது. சில மணி நேரம் இருக்கும், பல மணி நேரம் இருக்காது. கரண்ட் இருக்கும்போது ஜெனரேட்டர் ஓடாது, அதனால் கரண்ட் வந்ததும் பதிவுக்கு உட்கார வேண்டும் என்பது டீச்சரின் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெற்றுப் பதிவுகள் வேறு கதை சொல்லின. கரண்ட் வந்த நொடியில் தெரு முழுக்க "மீ லாபி!" என்று, அதாவது 'கரண்ட் வந்துருச்சு' என்று பர்மிய மொழியில், பிள்ளைகள் கத்துகிறார்கள். அது சில நொடிதான். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் தண்ணி மோட்டார் போடுகிறார்கள். மாடித் தொட்டி நிறைகிறவரை கட்டடமே அதிர்கிறது. குழாய் சுவரோடு பதிந்து போவதால் சத்தம் காற்றில் வராமல் சுவர் வழியாகவே ஏறிவருகிறது. கூடவே அரிசி குக்கர், மிக்ஸி, துணி துவைக்கும் மெஷின். ஆக, கரண்ட் வந்த முதல் அரை மணி, முக்கால் மணிதான் அந்த வீட்டின் மோசமான நேரங்களில் ஒன்று. டீச்சர் தினமும் சரியாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தொட்டிகள் நிறைந்தபிறகு ஒரு நல்ல இடைவெளி வருகிறது. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை அந்த இடைவெளி விழுந்தால் இன்னும் நல்லது, வெயிலுக்குக் காகமும் ஓய்ந்திருக்கும், தெரு வியாபாரமும் ஓய்ந்திருக்கும்.

அதைவிட நல்ல நேரம் ஒன்று இருந்தது. கரண்ட் இல்லாத ராத்திரி, பத்தரைக்கு மேல். கடைகள் மூடி ஜெனரேட்டர்கள் நின்றுவிட்டன. கரண்ட் இல்லாததால் மோட்டார், ஏசி, ஃபிரிட்ஜ், டிவி எதுவும் இல்லை. கட்டடமே செத்துக் கிடக்கிறது. லேப்டாப் பேட்டரியும் சார்ஜ் விளக்கும் இருந்தால் இரண்டு பாடம் முடித்துவிடலாம். எல்லோரும் சபிக்கிற நேரம்தான் இவருக்கு ஸ்டுடியோ.

குரலை ஒரே மட்டத்துக்கு, சராசரி மைனஸ் 20க்குக் கொண்டுவந்துவிட்டு அளந்தால், ஜெனரேட்டர் நேரத்தில் பின்னணி மைனஸ் 36 காட்டியது. நல்ல நேரத்தில் அதே மைக், அதே மேஜை, மைனஸ் 46. பத்து டெசிபெல், வெறும் நேரம் மாற்றியதில்.

தூரமும் திசையும்

மைக் லேப்டாப்புக்குப் பின்னால், வாயிலிருந்து இரண்டடி தள்ளி நின்றது. 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் ஏறும். தெருவிலிருந்து வருகிற சத்தம் ஏறாது, அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பது கணக்கே இல்லை. 60 செ.மீ.யை 30 ஆக்கி, 30ஐ 15 ஆக்கினால் 12 டெசிபெல் லாபம். மைக்கின் கெயினை, அதாவது ஒலியை ஏற்றிக் கொடுக்கும் அளவை, குறைத்தால் இரைச்சல் குறையும் என்று டீச்சர் நம்பியிருந்தார். கெயின் குறைந்தால் குரலும் கூடவே குறைகிறது. அப்புறம் குரலை ஏற்றும்போது இரைச்சலும் ஏறிவிடும். வித்தியாசம் தூரத்தில்தான் இருக்கிறது.

கிட்டே வந்தால் 'ப', 'ப்ப' வருகிற இடத்தில் காற்று மைக்கில் மோதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி, வாயின் ஓரத்திலிருந்து சாய்வாகப் பார்க்க வைத்தோம். ஒரு வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டி நடுவில் நிறுத்தினோம்.

திசை விஷயத்தில்தான் வீட்டில் சின்னச் சண்டை. சத்தம் தெருவிலிருந்து வருகிறது, ஆகவே தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றுகிற யோசனை. டீச்சரும் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருடைய மைக் முன்பக்கம் அதிகமாகக் கேட்டு, பின்பக்கம் குறைவாகக் கேட்கிற வகை. அவர் தெருவுக்கு முதுகு காட்டினால் மைக்கின் முகம் அவரையும் தாண்டி நேராகப் பால்கனியைப் பார்க்கிறது. மைக்கின் முதுகு அல்லவா தெருவைப் பார்க்க வேண்டும்? அதற்கு டீச்சர் தெருவைப் பார்த்து உட்கார வேண்டும்.

"சத்தத்தப் பாத்துக்கிட்டே படிக்கச் சொல்றீங்களாண்ணே?"

"ஆமா டீச்சர். மைக் அதப் பாக்காம இருந்தா போதும்."

இரண்டு விதமாகவும் ஒரே பத்தியை வாசிக்கவைத்துக் காட்டிய பிறகுதான் மாமியாரும் ஒத்துக்கொண்டார். இந்த வகை மைக் அடிக்குரல் சத்தங்களை, அதாவது ஜெனரேட்டரின் 50, 100 ஹெர்ட்ஸை, பின்பக்கத்திலும் அவ்வளவாக ஒதுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். குக்கர் விசில், காகம், பேச்சுச் சத்தம் இவை நன்றாகக் குறைந்தன.

சுவரும் இடுக்கும்

ஃபோம் ஏன் உதவவில்லை? ஃபோம் செய்வது அறைக்குள் இருக்கிற குரல் திரும்பி வராமல் உறிஞ்சுவது. வெளியிலிருந்து வருகிறதைத் தடுக்க எடை வேண்டும், இடுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். இரண்டு அங்குல ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. முட்டை அட்டை ஒட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். என் அபிப்பிராயத்தில் வீட்டுப் பதிவுக்காரர்கள் காசைத் தொலைக்கிற முதல் இடம் இந்த ஃபோம் கடை.

இடுக்கு விஷயம் இன்னும் மோசம். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மிச்சம் எவ்வளவு கெட்டியான சுவராக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபெல்லைத் தாண்டாது. டீச்சர் வீட்டுப் பால்கனிக் கதவுக்குக் கீழே இரண்டு விரல் நுழையும். அதன் பக்கத்துச் சுவரில்தான் அந்த ஃபோம் ஒட்டியிருந்தது. கதவின் ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டினோம், கீழ் இடுக்குக்குப் பழைய லுங்கியில் மணல் அடைத்து ஒரு திண்டு. பதிவு நேரத்தில் வைத்து, முடிந்ததும் எடுத்துவிடலாம்.

பதிவு இடத்தையும் பால்கனிப் பக்கத்திலிருந்து நடு அறைக்கு மாற்றினோம். தெரு 20 அடி தள்ளிப்போனது, நடுவில் ஒரு தடுப்பும் கூடியது. அந்த அறையில் சேலை அடுக்கிய பீரோ ஒன்று, இலவம்பஞ்சு மெத்தை இரண்டு. மெத்தை ஒன்றை டீச்சருக்குப் பின்னால் சுவரில் சாத்தி நிறுத்தினோம். மைக்கின் முகம் பார்க்கிற திசை அதுதான், அங்கிருந்து எதிரொலி வரக்கூடாது. பக்கவாட்டில் கொடி கட்டிக் கனமான போர்வைகள், சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. அந்த இடைவெளி இருந்தால் துணி இன்னும் தாழ்ந்த சுருதி வரைக்கும் உறிஞ்சுகிறது. மேஜைமேல் மடித்த துண்டு, காலடியில் பாய்க்கு மேல் ஜமுக்காளம். கை தட்டிப் பார்த்தால் நடுக்கம் இல்லை.

இதற்குக் கொடுத்த விலை புழுக்கம். மின்விசிறியை நிறுத்தி, கதவை அடைத்து, சுற்றிலும் பஞ்சும் போர்வையும். ஏப்ரல் மாதத்து ரங்கூனில் அது தண்டனைதான். பாடத்தை ஒரே மூச்சில் படிக்காமல் பத்தி பத்தியாகப் பிரித்தோம். நடுவில் விசிறியைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, நிறுத்தியபின் அரை நிமிடம் பொறுத்து அடுத்த பத்தி. அந்த அரை நிமிடத்தின் கடைசி சில நொடி வெற்று ஒலியாக ஒவ்வொரு துண்டின் தலையிலும் தங்கிவிடுகிறது. அது பின்னால் உதவியது.

தூரம் குறைத்ததில் மைனஸ் 57 வரை வந்தது. கதவு, மெத்தை, இடமாற்றம் எல்லாம் சேர்ந்து மைனஸ் 62. இரைச்சல் நீக்கியை இன்னும் தொடவே இல்லை.

வந்தான், வந்தாள், வந்தார்

இரைச்சல் நீக்கியை ஏன் கடைசிக்குத் தள்ளினேன் என்பதற்கு டீச்சரின் பழைய பதிவு ஒன்றே போதும். ஒரு கதைப் பாடம். "ராஜா வந்தார், அவர் பின்னால் மந்திரி வந்தார், கடைசியில் ஒரு சிறுவன் வந்தான்." சுத்தம் செய்யப்பட்ட பதிவில் கேட்டால் மூன்றும் "வந்தா". தமிழ் வாக்கியத்தில் ஆணா, பெண்ணா, மரியாதையா என்பதைச் சொல்கிற எழுத்து வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. வாசிக்கிறவரின் குரல் இறங்குவதும் அங்கேதான். மெலிந்த அந்த 'ன்', 'ள்', 'ர்' இரைச்சலின் மட்டத்துக்கே வந்துவிடுவதால் மென்பொருள் அதையும் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடுகிறது. மெலிந்த இடத்தில் ஒலியை அப்படியே மூடிவிடும் கேட் வசதி இதில் இன்னும் முரட்டுத்தனம். தமிழ் படிக்க வருகிற பிள்ளைக்கு இந்தப் பாடத்தைக் கொடுத்து என்ன பயன்?

இந்த வகைச் சுத்தம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு போடலாம் என்பதும் புரியும். வெற்று ஒலியின் மாதிரியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அலைவரிசையிலும் அந்த அளவைப் பதிவிலிருந்து கழிக்கிறது. ஸ்டீவன் போல் (Steven Boll) என்பவர் 1979இல் எழுதிய முறையின் வழியில் வந்தவை பல. கழித்தது கூடிப்போனால் அங்கங்கே துண்டு துண்டாக மிச்சம் நின்று, கொப்புளம் வெடிப்பதுபோல் கிளுகிளுக்கும். டீச்சர் கேட்ட தண்ணீர்ச் சத்தம் அதுதான். மாதிரி எடுத்த நேரத்து இரைச்சலும் பேசிய நேரத்து இரைச்சலும் ஒன்றாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். ஜெனரேட்டரோ, கடையில் யாராவது ஃபிரிட்ஜைப் போட்டால் உடனே குரலை மாற்றிக்கொள்கிறது.

இப்போது செய்வது இவ்வளவுதான். முதலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. டீச்சரின் குரல் 200 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது, அதனால் நஷ்டம் இல்லை. ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அலைவரிசை பாதியாகிற ஒவ்வொரு தடவைக்கும், 24 டெசிபெல் சரிவு வைத்தால் 50 ஹெர்ட்ஸ் கோடு ஏறக்குறைய அந்த அளவுக்கு அமுங்கிவிடும். ஆண்குரல் என்றால் 70, 80இல் நிறுத்திக்கொள்வேன். அதன் பிறகு அந்தந்தத் துண்டின் தலையில் உள்ள வெற்று ஒலியை மாதிரியாகக் கொடுத்து 6 டெசிபெல் கழிப்பு. அதற்கு மேல் கேட்டால் டீச்சரே ஒத்துக்கொள்வதில்லை, 'ன்' எங்கே 'ள்' எங்கே என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு பரீட்சை வைக்கிறார். காகமோ குக்கரோ வாக்கியத்தின் மேலேயே விழுந்தால் அதைச் சுத்தம் செய்ய முயல்வதில்லை, அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசிக்கிறார். பத்து நொடி வேலை.

குரலைப் புதிதாகவே கட்டித் தருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் போட்டுப் பார்த்தோம். கேட்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. 'பழம்' என்று வாசித்தது 'பலம்' ஆகிற மாதிரி ஓரிரு இடங்களில் என் காதுக்குப் பட்டது, டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. சிறுவர் பாடத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நிலைமை இப்போது

பாடங்கள் திரும்பி வருவதில்லை. புது மைக் வாங்கவில்லை. செலவு ரப்பர் பட்டைக்கும் கொடிக்கயிற்றுக்கும்தான். பதிவு நேரம் கடிகாரத்தைப் பார்த்து இல்லை, தெருவைக் கேட்டு முடிவாகிறது. கரண்ட் அட்டவணை மாறும்போதெல்லாம் டீச்சர் இரண்டு மூன்று நாளைக்கு வெற்றுப் பதிவு எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். தண்ணீர்த் திருவிழா வாரத்திலும், பக்கத்து மடத்தில் ஒலிபெருக்கி வைத்து இரவு பகலாகப் பாராயணம் நடக்கிற நாட்களிலும் வேலையே எடுப்பதில்லை.

தீராமல் நிற்பது மழை. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை ரங்கூன் நனைந்தபடியே இருக்கும். பின்பக்கச் சமையலறைக்கு மேல் தகரம் போட்டிருக்கிறார்கள். தகரத்தின் மேல் தென்னைநார் மிதியடிகளைக் கம்பியால் கட்டிவிட்டோம், தூறலுக்குப் பரவாயில்லை. ஜூலை, ஆகஸ்டில் கொட்டுகிற மழைக்கு மிதியடியும் போதாது, மெத்தையும் போதாது. அது எல்லாச் சுருதியிலும் சமமாக விழுகிற சத்தம், வெட்ட இடமே கிடையாது. அந்த இரண்டு மாதப் பாடங்களுக்கு ஒரு வாரம் கூடுதல் அவகாசம் வேண்டும் என்று டீச்சர் சென்னைக்கு எழுதிக் கேட்டார். சம்மதித்துவிட்டார்கள்.